பூமி நகர்கிறது என்பதை நிரூபித்தவர் யார்?

#1 வைகறை

வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் குறிப்பேட்டில், "சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் கூறினார், கலீலியோ அதனைத் தம் தொலைநோக்கியால் நிரூபித்தார்" என்று எழுதியிருந்தது. நானும் பள்ளி நாள்களில் இதையேதான் மனப்பாடம் செய்தேன். ஆனால் அவள் நேற்று, "பூமி நகர்வது தொலைநோக்கியில் தெரியுமா?" என்று கேட்டாள். வியாழனின் நிலவுகளைப் பார்த்தார் என்றேன். "வியாழனுக்கு நிலவு இருந்தால் பூமி நகர்கிறது என்று எப்படி ஆகும்?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

தேடிப் படித்ததில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஓரிடத்தில் வெள்ளியின் பிறைகள்தாம் சான்று என்றும், வேறோரிடத்தில் ஊசல்தான் சான்று என்றும், இன்னோரிடத்தில் கெப்ளரின் விதிகள்தாம் சான்று என்றும் எழுதியிருக்கிறார்கள். பூமி நகர்கிறது என்பதற்கு மறுக்க முடியாத நேரடிச் சான்று எப்போது கிடைத்தது? அதுவரை மக்கள் எதை நம்பி அக்கருத்தை ஏற்றார்கள்? வானியல் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

#2 பழைய தொலைநோக்கி

கலீலியோ நிரூபிக்கவில்லை. அவர் செய்தது வேறொன்று. அதுவும் பெரிய செயல்தான்.

1610 ஜனவரி 7ஆம் நாள் இரவு வியாழனுக்கு அருகில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். சில நாள்களில் அவை நான்காயின; இடம் மாறின; ஆனால் வியாழனை விட்டு அகலவே இல்லை. இதனால் உடைந்தது ஒரு பழைய வாதம் மட்டுமே. "பூமி நகர்ந்தால் நிலவு பின்தங்கிவிடாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம், நகர்கின்ற வியாழன் தன் நிலவுகளை இழக்கவில்லையே என்று காட்ட முடிந்தது. பூமி நகர முடியும் என்பதற்கு அது துணை நின்றது. நகர்கிறது என்பதை அது காட்டவில்லை. தங்கள் மகள் பிடித்த இடம் சரிதான்.

அதே ஆண்டின் இறுதி மாதங்களில் அவர் வெள்ளியின் பிறைகளைக் கண்டார். பூமியை நடுவில் வைத்த தாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே ஒரு சிறுவட்டத்தில் சுழல்வதால், நமக்குத் தேய்ந்த பிறையாக மட்டுமே தெரிய வேண்டும். கலீலியோ கண்ட வெள்ளியோ, சிறிய முழுவட்டம் போன்ற தோற்றத்திலிருந்து பெரிய மெல்லிய பிறைவரை எல்லா வடிவங்களையும் காட்டியது. சூரியனுக்கு அப்பாலும் இப்பாலும் அது போய்வந்தாலன்றி இது நடவாது. ஆகவே வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பது உறுதியாயிற்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்திருந்த தாலமியின் அமைப்பு அன்றோடு முடிந்தது.

ஆனால் அப்போது களத்தில் மூன்றாவது அமைப்பு ஒன்றும் இருந்தது. டென்மார்க்கின் டைக்கோ பிராகே 1588இல் வெளியிட்ட அந்த அமைப்பில், மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றும். அவற்றையெல்லாம் இழுத்துக்கொண்டு சூரியன் அசையாத பூமியைச் சுற்றும். வெள்ளியின் பிறைகள் இதிலும் அப்படியே பொருந்தும். கலீலியோவின் தொலைநோக்கியில் தெரிந்த எதுவும் டைக்கோவின் அமைப்பைப் பொய்யாக்கவில்லை.

கலீலியோ தம்முடைய வலுவான சான்றாகக் கருதியது கடலின் ஏற்ற இறக்கத்தை. பூமியின் இருவகை அசைவுகளால் கடல்நீர் அலம்புகிறது என்று 1632ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். அவர் கணக்குப்படி நாளுக்கு ஒரு முறைதான் கடல் பொங்க வேண்டும். கடற்கரையில் வாழும் எவரும் அது இரண்டு முறை என்று சொல்லிவிடுவார்கள்.

#3 கரும்பலகை

முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு சிறு மறுப்பு. சான்று என்பது ஒரே ஒரு காட்சியாகத்தான் இருக்க வேண்டுமா? தாலமியின் அமைப்பு சிறுவட்டத்தின்மேல் சிறுவட்டமாகச் சிக்கிக் கிடந்தது. கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்ததும் சிக்கல் அவிழ்ந்தது, கணிப்பும் துல்லியமாயிற்று. எளிமையானதை அறிவுடையோர் ஏற்றார்கள், மதவாதிகள் மறுத்தார்கள் என்றுதான் நான் வகுப்பில் சொல்லிவந்தேன். இதில் என்ன தவறு?

#4 நிழற்கடிகாரம்

ஐயா, தவறு இரண்டு இடங்களில் இருக்கிறது. தாங்கள் ஆசிரியர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எளிமை. கோப்பர்நிக்கசும் கோள்கள் வட்டத்தில் சீரான வேகத்தில்தான் செல்லும் என்று நம்பியவர். உண்மையில் தாலமியிடம் அவருக்கு இருந்த பெருங்குறையே, அந்தச் சீர்மையைத் தாலமி விட்டுக்கொடுத்துவிட்டார் என்பதுதான். வட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு வானத்தோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததால், அவரும் சிறுவட்டங்களைச் சேர்த்தார். 1543இல் நியூரம்பர்க்கில் அச்சான அவருடைய நூலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு, அது தாலமியின் நூலைவிட எளிமையானதாகத் தோன்றாது. துல்லியத்திலும் பெரிய முன்னேற்றம் இல்லை. 1563இல் வியாழனும் சனியும் சேர்ந்தபோது பதினாறு வயது டைக்கோ, கோள்களின் இடத்தை முன்கூட்டிச் சொல்லும் அட்டவணைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய முறை அட்டவணை ஏறக்குறைய ஒரு மாதம் தவறியது. கோப்பர்நிக்கசின் வழியில் அமைந்த அட்டவணையும் சில நாள்கள் தவறியது. டைக்கோ தம் வாழ்நாளைத் துல்லிய அளவீட்டுக்குக் கொடுத்ததற்கு அந்த ஏமாற்றமே காரணம்.

கோப்பர்நிக்கசின் உண்மையான வெற்றி வேறிடத்தில் இருக்கிறது. செவ்வாய் வக்ரகதியில் பின்னோக்கிச் செல்வது போலத் தோன்றுவதற்குத் தாலமியில் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. கோப்பர்நிக்கசின் அமைப்பில் அதற்கென எதையும் சேர்க்க வேண்டியதில்லை. விரைவாகச் செல்லும் பூமி மெதுவாகச் செல்லும் செவ்வாயை முந்தும்போது அது தானாக நிகழ்கிறது. நம் தொடர்வண்டி பக்கத்துப் பாதையில் மெதுவாகச் செல்லும் வண்டியைத் தாண்டும்போது அது பின்னால் போவது போலத் தெரிகிறதே, அதுதான். மேலும், கோள்களின் வரிசையையும் தொலைவுகளின் விகிதத்தையும் அவருடைய அமைப்பு தானே தீர்மானித்துத் தந்தது.

இரண்டாவதாக, மறுத்தவர்கள் எல்லாரும் மதவாதிகள் அல்லர். டைக்கோவின் மறுப்பைப் பாருங்கள். கையை நீட்டி ஒரு விரலை நிறுத்தி, இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாறிமாறிப் பார்த்தால் விரல் பின்னணியில் இடம் மாறுகிறது. பூமி சூரியனைச் சுற்றினால், ஆறு மாத இடைவெளியில் விண்மீன்களும் அவ்வாறே இடம் மாறித் தெரிய வேண்டும். இந்த இடமாறு தோற்றப்பிழையைத் தேடியவர்கள் எவரும் காணவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சாமோசின் அரிஸ்டார்க்கஸ் சூரியனை நடுவில் வைத்தபோதே எழுந்த சிக்கல் இது. விண்மீன்கள் மிக மிகத் தொலைவில் இருந்தால் மாற்றம் தெரியாது என்பதுதான் அன்றும் தப்பிக்கும் வழி.

டைக்கோ அந்த வழியையும் அடைத்தார். அவருடைய கருவிகள் ஒரு கலை அளவுக்கு, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு, நம்பத்தக்கவை. அந்த அளவிலும் இடமாற்றம் தெரியவில்லை என்றால், விண்மீன்கள் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் 3,400 மடங்குக்கும் அப்பால் இருக்க வேண்டும். ஆனால் விண்மீன்கள் வெறுங்கண்ணுக்கு ஒரு கலை, இரண்டு கலை அகலமுள்ள வட்டங்களாகத் தோன்றுகின்றன என்று அவர் மதிப்பிட்டிருந்தார். அத்தனை தொலைவில் இருந்துகொண்டு அத்தனை அகலமாகத் தெரிய வேண்டுமானால், சாதாரண விண்மீன் ஒன்றே சூரியனைவிட நூறு மடங்குக்கு மேல் அகலமாக இருந்தாக வேண்டும். இது நடக்கக்கூடியதா என்று கேட்டார். அந்த வட்டம் கண்ணும் காற்றும் ஒளியின் இயல்பும் சேர்ந்து உண்டாக்கும் மாயம் என்பது அன்று எவருக்கும் தெரியாது. கோப்பர்நிக்கசின் ஆதரவாளரான ராத்மன் என்பவர் இதற்குச் சொன்ன மறுமொழி, கடவுளின் ஆற்றலுக்கு அது பெரிதா என்பதுதான்! யார் அறிவியல் பேசினார், யார் சமயம் பேசினார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#5 ஏட்டுச்சுவடி

ஐரோப்பாவை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆரியபட்டர் கி.பி. 499இலேயே பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று எழுதிவிட்டார். படகில் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கிச் செல்வதுபோல, விண்மீன்கள் மேற்கே செல்வதாக நமக்குத் தெரிகிறது என்பது அவருடைய உவமை. கேரளத்தின் நீலகண்ட சோமயாஜியோ 1500ஐ ஒட்டி எழுதிய தந்திரசங்கிரகத்தில் புதன், வெள்ளி ஆகியவற்றின் கணக்கையே திருத்தி அமைத்தார். இவர்களை விட்டுவிட்டு, நிரூபித்தது யார் என்று எப்படிக் கேட்க முடியும்?

#6 நிழற்கடிகாரம்

இருவரையும் விட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை மட்டும் சொல்வோம். ஆரியபட்டர் கூறியது நாள்தோறும் நிகழும் தற்சுழற்சியை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அவர் கூறவில்லை. அவர் கூறியதும் அப்படியே ஏற்கப்படவில்லை. பூமி சுழன்றால் கூட்டை விட்டுப் பறந்த பறவை எவ்வாறு திரும்பி வரும் என்று வராகமிகிரர் கேட்டார், பிரம்மகுப்தரும் மறுத்தார். ஐரோப்பாவில் எழுந்த மறுப்பும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் எழுந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

நீலகண்டரின் அமைப்பில் ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன. சூரியன் பூமியைச் சுற்றுகிறது. டைக்கோவுக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட அதே படம். கோள்களின் கணக்கைக் கூர்ந்து கவனித்துக்கொண்டே போனால் எவரும் வந்துசேரக்கூடிய இடம் அது என்று நான் எண்ணுகிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பூமியை நகர்த்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த இழையின் கேள்வியே அந்தக் கட்டாயம் எப்போது வந்தது என்பதுதான்.

#7 கரும்பலகை

திருத்தத்தை ஏற்கிறேன். வகுப்பில் நான் சொன்ன மற்றொரு பொய்யையும் நானே ஒப்புக்கொள்கிறேன்: கரும்பலகையில் நான் வரைந்த நீள்வட்டம்.

கோள்கள் நீள்வட்டத்தில் சூரியனைச் சுற்றுகின்றன என்னும் கெப்ளரின் முதல் விதியை நடத்தும்போது இரண்டு ஆணிகளில் நூலைக் கட்டி முட்டை போன்ற ஒன்றை வரைவேன். பிள்ளைகளும் செவ்வாய் முட்டைப் பாதையில் போகிறது என்றே நினைத்துக்கொண்டார்கள். பின்னாளில் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. செவ்வாயின் பாதையை ஒரு மீட்டர் நீளத்துக்கு வரைந்தால் அதன் அகலம் நீளத்தைவிட நான்கு மில்லிமீட்டர்தான் குறைவு. சுண்ணக்கட்டியின் கோடே அதில் பாதியை மறைத்துவிடும். பூமியின் பாதையிலோ அந்தக் குறைவு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தால் வட்டம்தான். இதை வட்டம் அன்று என்று கண்டுபிடிக்க எத்தகைய பிடிவாதம் வேண்டும்!

டைக்கோவின் அளவீடுகளை வைத்துக்கொண்டு கெப்ளர் செவ்வாய்க்கு வட்டப்பாதை ஒன்றை அமைத்தார். பெரும்பாலான இடங்களில் அது நன்றாகவே பொருந்தியது. சில இடங்களில் மட்டும் எட்டுக் கலை விலகியது. எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு. வேறு எவராக இருந்தாலும் கருவியின் பிழை என்று தள்ளியிருப்பார். டைக்கோ அத்தனை பெரிய பிழை செய்யமாட்டார் என்று கெப்ளர் அறிந்திருந்தார். அந்த எட்டுக் கலைகளே வானியல் முழுவதையும் சீர்திருத்தும் வழியைக் காட்டின என்று 1609இல் வெளிவந்த நூலில் அவரே எழுதினார்.

பூமி நகரவில்லை என்று உறுதியாக நம்பிய டைக்கோவின் அளவீடுகளிலிருந்துதான், பூமி நகர்வதாகக் கொண்ட மிகச் சிறந்த கணக்கு பிறந்தது. கெப்ளரின் அட்டவணை 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் சூரியனைக் கடக்கும் என்றது. பாரிசில் கசெண்டி சூரியப் பிம்பத்தைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். எதிர்பார்த்ததைவிடப் புள்ளி மிகச் சிறியதாக இருந்ததால் முதலில் சூரியப் புள்ளி என்றே எண்ணிவிட்டார். கணிப்பு பலித்தது. அதைப் பார்க்கக் கெப்ளர் இல்லை. ஓராண்டுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்.

#8 பழைய தொலைநோக்கி

நேரடிச் சான்றுக்கு வருகிறேன். அதைத் தந்தவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிராட்லி. சுவையான செய்தி என்னவென்றால், அவர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

1725 டிசம்பரில் லண்டனுக்கு அருகே கியூ என்னும் இடத்தில், சாமுவேல் மாலினக்சின் வீட்டில், இருபத்து நான்கு அடி நீளத் தொலைநோக்கி ஒன்றைப் புகைபோக்கிச் சுவரோடு சேர்த்துச் செங்குத்தாகப் பொருத்தினார்கள். தலைக்கு நேர் மேலே கடந்து செல்லும் விண்மீன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர் மேலே இருக்கும் விண்மீனின் ஒளியைக் காற்று வளைக்காது என்பதுதான் காரணம். டைக்கோ காணாத அந்த இடமாறு தோற்றப்பிழையைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம்.

விண்மீன் உண்மையிலேயே நகர்ந்தது. ஆனால் தவறான மாதத்தில் நகர்ந்தது. டிசம்பரில் அது தன் தென்கோடியில் நின்றிருக்க வேண்டும். அதுவோ தொடர்ந்து தெற்கே சென்று மார்ச்சில்தான் நின்றது. பிறகு வடக்கே திரும்பி, செப்டம்பரில் மறுகோடிக்குப் போயிற்று. மொத்த அசைவு நாற்பது விகலையளவு. ஒரு விகலை என்பது கலையில் அறுபதில் ஒன்று. இடமாறு தோற்றப்பிழையாக இருந்தால் வர வேண்டிய காலத்துக்கு மூன்று மாதம் தள்ளியே ஒவ்வொன்றும் நிகழ்ந்தது.

விடை தெரிய 1728 வரை ஆயிற்று. தேம்ஸ் ஆற்றில் படகில் சென்றபோது, படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய்மரத்தின் உச்சியிலிருந்த காற்றுக்காட்டி சிறிது திசைமாறுவதைக் கண்டு அவருக்குப் பொறிதட்டியதாகச் சொல்வார்கள். நமக்குக் குடை போதும். காற்றில்லாத மழையில் நின்றால் குடையை நேராகப் பிடிக்கிறோம்; நடக்கத் தொடங்கினால் முன்பக்கம் சாய்க்கிறோம்; திரும்பி நடந்தால் சாய்வும் திரும்புகிறது. விண்மீன் ஒளிதான் மழை, தொலைநோக்கிதான் குடை. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் செல்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த விகிதத்துக்கு உரிய சாய்வு இருபது விகலைக்குச் சற்று மேல். ஆறு மாதம் கழித்துப் பூமி எதிர்த்திசையில் செல்லும்போது அதே அளவு எதிர்ப்பக்கம். பிராட்லி அளந்தது இதைத்தான்.

அசையாத பூமியில் நிற்பவன் குடையைச் சாய்க்க வேண்டியதில்லை. டைக்கோவின் அமைப்பில் இதற்கு இடமே கிடையாது. எனவே வைகறை அவர்களுக்கு என் விடை: 1728, பிராட்லி. ஒளிப் பிறழ்ச்சி என்பது அதன் பெயர்.

#9 வைகறை

மிக்க நன்றி. குடை உவமை அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. ஆனால் கணக்கு உதைக்கிறதே. 1543இலிருந்து 1728வரை 185 ஆண்டுகள். அதற்குள் படித்தவர்கள் பலர் கோப்பர்நிக்கசின் பக்கம் வந்துவிட்டார்களே, எதை நம்பி வந்தார்கள்? தேடிய அந்த இடமாறு தோற்றப்பிழை பிறகு கிடைத்ததா?

#10 நிழற்கடிகாரம்

எல்லாரும் வந்துவிடவில்லை. 1651இல்கூட இத்தாலியின் ரிச்சொலி, பூமி நகர்கிறது என்பதற்கு 49 வாதங்களையும் நகரவில்லை என்பதற்கு 77 வாதங்களையும் பட்டியலிட்டு, நகரவில்லை என்றே முடித்தார். அவர் பாதிரியார்தான், ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை இயற்பியல் வாதங்கள்.

வந்தவர்களை இழுத்தது பெரும்பாலும் கெப்ளரின் அட்டவணை. அதற்குப் பிறகு, 1687இல் நியூட்டன். கோள்களின் பாதையை வடிவக் கணக்காக மட்டும் பார்த்தவரை எது நடுவில் என்பது விருப்பத்துக்குரியதாக இருந்தது. விசை என்ற ஒன்று வந்த பிறகு விருப்பத்துக்கு இடமில்லை. சூரியனின் நிறை பூமியைப்போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்போது எது சுற்றும், எது ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும் என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை. பிராட்லியின் சான்று கிடைத்தபோது அதற்கு வரவேற்பு இருந்ததே தவிர அதிர்ச்சி இல்லாமல் போனது இதனால்தான். நம்பிக்கை முன்னே போய்க் காத்திருந்தது. சான்று பின்னால் வந்து சேர்ந்தது. இந்த வரிசையைப் பாடநூல்கள் தலைகீழாக்கிவிடுகின்றன என்பதே என் ஆதங்கம்.

இடமாறு தோற்றப்பிழை 1838இல் கிடைத்தது. ஜெர்மானியரான பெசல், அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தின் 61ஆம் எண் விண்மீனில் 0.31 விகலை அளவுக்கு அதைக் கண்டார். இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தைப் பதினேழு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது ஏறத்தாழ அவ்வளவுதான் தெரியும். டைக்கோ காணாததில் வியப்பில்லை. தற்சுழற்சிக்கு எல்லாரும் காணும்படியான சான்று அதற்கும் பிறகுதான். 1851இல் ஃபூக்கோ பாரிசின் பாந்தியன் மண்டபத்தில் 67 மீட்டர் நீளக் கம்பியில் ஊசலைத் தொங்கவிட்டார். தாங்கள் படித்த ஊசல் அதுவே.

#11 புதுவைக்காரன்

கணிப்பு சரியாக இருந்தால் படமும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்னும் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அளக்க, வெள்ளி சூரியனைக் கடந்து செல்வதை உலகின் பல இடங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்று 1716இல் ஹாலி வழிகாட்டியிருந்தார். வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால் வெள்ளி சூரிய வட்டத்தில் வெவ்வேறு கோட்டில் செல்லும். அந்த வேறுபாட்டிலிருந்து தொலைவு கிடைக்கும். அதற்காகப் பிரான்சிலிருந்து குய்யோம் லெ ஜந்தீல் 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6ஆம் நாள் நடுக்கடலில், ஆடும் தளத்திலிருந்து வெள்ளியைப் பார்த்தார். அந்த அளவீடு எதற்கும் உதவாது. அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டுகள் என்பதால் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின்மீது ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலையில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் பிரான்சுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பிரிக்க முற்பட்டிருந்தார்கள்.

2004 ஜூன் 8ஆம் நாள் நான் மொட்டைமாடியில் சிறு தொலைநோக்கியால் வெண்ணிற அட்டையில் சூரியப் பிம்பத்தை விழச்செய்து அந்தக் கடப்பைப் பார்த்தேன். பதினைந்து சென்டிமீட்டர் வட்டத்தில் மிளகளவு கரும்புள்ளி, முற்பகலிலிருந்து மாலைவரை ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த மிளகுக்காகவா ஒரு மனிதர் பதினோரு ஆண்டுகளைக் கொடுத்தார் என்று தோன்றியது.

நான் சொல்ல வந்தது வேறு. காத்திருந்த காலத்தில் லெ ஜந்தீல் இங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். கணித்தவர் எழுதுகோலைத் தொடவில்லை. சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்தி, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டு கணக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயரின் கணக்கு 68 நொடி கூடியது. பூமி அசையாது என்று கொண்ட கணக்கு வென்றுவிட்டது! ஆனால் இதை வைத்து மார்தட்ட வேண்டாம். 1825இல் வாரன் என்பவர் இதே ஊர்க் கணிதர் ஒருவரைக் கொண்டு போட்டுப் பார்த்த சந்திர கிரகணக் கணக்கில், தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் தவறின. கிரகணக் கணக்குக்குச் சூரியனும் நிலவும் எத்திசையில் தெரியும் என்பது போதும். எது நகர்ந்து எது நிற்கிறது என்பது தேவையே இல்லை.

#12 பழைய தொலைநோக்கி

புதுவைக்காரர் சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. யுரேனஸ் கணக்குக்கு அடங்காமல் விலகியபோது, காணாத கோள் ஒன்று இழுக்கிறது என்று லெ வெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெ வெரியே புதனின் பாதையிலும் விளக்கப்படாத சிறு நகர்வைக் கண்டு, 1859இல் அதே முறையில் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலையான அந்த நகர்வுக்கு 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றி விடை சொன்னார். முதல் முறை வானத்தில் ஒரு பொருள் குறைந்திருந்தது. இரண்டாம் முறை விதியில் குறை இருந்தது. இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. இதைத் தனி இழையாகத் தொடங்குவதே முறை, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

#13 வைகறை

அனைவருக்கும் நன்றி. மகளின் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு இவ்வாறு எழுதியிருக்கிறோம்: "பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் 1543இல் வெளியிட்டார். தாலமியின் அமைப்பு தவறு என்று கலீலியோ 1610இல் காட்டினார். பூமி நகர்வதற்கான முதல் நேரடிச் சான்றைப் பிராட்லி 1728இல் கண்டார்." தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று அவள் கவலைப்படுகிறாள். தேர்வுக்கு மட்டும் பழைய வரியையே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஓர் ஐயம் மட்டும் மீதி: சில இடங்களில் 1728 என்றும் சில இடங்களில் 1729 என்றும் போட்டிருக்கிறதே, எது சரி?

#14 நிழற்கடிகாரம்

இரண்டும் சரி. பிராட்லி விடையைக் கண்டது 1728இல். அதை விளக்கும் அவருடைய கடிதம் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது நம் கணக்கில் 1729 ஜனவரி. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள்தான் பிறக்கும். ஆகவே அவர்களுடைய ஏட்டில் அந்த ஜனவரியும் 1728தான். இங்கிலாந்து 1752இல்தான் ஜனவரி முதல் நாளுக்கு மாறியது. செப்டம்பரில் பதினொரு நாள்களையும் நாள்காட்டியிலிருந்து நீக்கியது. அந்தச் சீர்திருத்தத்துக்குக் கணக்குப் போட்டு உதவியவர்களுள் அப்போது அரச வானியலாளராக இருந்த பிராட்லியும் ஒருவர்.